கூடைமூடிக் கடியாரம்

பைய மேல வெக்க வேண்டாமுங்க, மடியிலயே இருக்கட்டும். நீங்க உக்காருங்க. தாராளமா உக்காருங்க, இதென்ன எங்கப்பன் வாங்கிப் போட்ட சீட்டா. காலை மட்டும் சித்த அக்கட்ட வெச்சுக்குங்க, பையில இடிக்குது.

கையவே பாக்கறீங்களே. காமாலை கீமாலை ஒண்ணுமில்லீங்க. பயப்படாதீங்க, உங்க மேல ஒட்டாது. அது வேற சமாச்சாரம்.

எங்க எறங்கறீங்க? செங்காட்டுப்பிரிவா? உள்ளூருங்களா, ஒறம்பரை ஊட்டுக்குப் போறீங்களா? உள்ளூரேவா. அப்ப கொப்பரை யாவாரி சென்னியப்பனத் தெரிஞ்சிருக்குமே உங்களுக்கு. ம். தங்கமான மனுசன். சொல்லுங்க, சொல்லுங்க, கேட்டுக் கேட்டு எனக்குக் காது பழகிப்போச்சு. இந்த ரூட்டுல எவனக் கேட்டாலும் அவன் தங்கமான மனுசன்தான். அந்தத் தங்கம் எனக்கு மச்சினன். எம்பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்த தம்பி. எம்பொண்டாட்டி இப்ப அவனூட்டுலதான் உக்காந்திருக்கறா. ஆடியில போனவ, ஐப்பசி மழையே புடிச்சிருச்சு, இன்னும் திரும்பல. எதுக்குப் போனான்னு கேளுங்க. ஒரு செவுத்துக் கடியாரத்துக்குப் போனா. அதும் கடையில வாங்குன கடியாரமில்ல. நானே ஊட்டுல உக்காந்து கையால செஞ்சது.

சிரிக்காதீங்க. சிரிக்கற மாதிரி நா இன்னும் ஒண்ணும் சொல்லல. உங்க ஊரு வர நேரமிருக்குது. அவன் பக்கத்து நாயம் ஊரு பூராத் தெரியும். என் பக்கத்து நாயத்த ஒருத்தரும் காது குடுத்துக் கேட்டதில்ல. நீங்க கேட்டுட்டு அப்பறமா அவன் தங்கமா தகரமான்னு சொல்லுங்க.

நா இதே ரூட்டுல கண்டக்டரா இருந்தவனுங்க. பொங்கியண்ணன்னு கோபி பஸ் ஸ்டேண்டுல கேட்டா இன்னைக்கும் சொல்லுவாங்க. ஏப்பா, விசில இப்படியா ஊதறது? அந்தம்மா படியில கால வெக்கறதுக்குள்ள ஊதறான் பாருங்க. சரி, அத உடுங்க. நா இருந்தது தனியார் வண்டி. முன்னால போற வண்டிக்கும் நமக்கும், நமக்கும் பொறகால வர்ற வண்டிக்கும் நிமிசக் கணக்குத்தான். நிமிசம் தப்புனா நடுரோட்டுல வண்டிய நிறுத்திச் சட்டையப் புடிப்பாங்க. அதனால எங்க நின்னாலும் என் கண்ணு தன்னால கடியாரத்துக்குத்தான் போகும். வேலைய உட்டு நின்ன பின்னாடியும் அது மாறல. இத எதுக்குச் சொல்றேன்னா, அப்பேர்ப்பட்டவன் கண்ணுக்கு எதுக்கால அவனுங்க எதக் கொண்டாந்து மாட்டுனாங்கன்னு உங்களுக்கு வெளங்கோணும்.

சொந்தமா ஒரு ஊடு கட்டுனேன். சின்ன ஊடுதான். புதுமனை புகுவிழாவுக்கு நம்ம பக்கம் என்ன கொண்டாருவாங்கன்னு உங்களுக்கே தெரியும். கடியாரந்தான். வர்றவன் எல்லாம் கக்கத்துல ஒண்ண இடுக்கிட்டு வந்தான். அடுக்கி வெக்க எடமில்ல. எல்லாத்துலயும் கண்ணாடி மேல பேரு எழுதிருப்பாங்க, அன்பளிப்பு இன்னாருன்னு. அது தப்புன்னு சொல்லல. நானுமே எத்தனையோ ஊட்டுக்கு அப்படிக் குடுத்திருக்கறேன். ஆனா அடியில ஓரமா, சின்னதா எழுதுவாங்க. அதான மரியாதை? சென்னியப்பன் கொண்டாந்தான் பாருங்க ஒண்ணு. ரெண்டாளு புடிச்சு உள்ள தூக்கியாந்தாங்க. தங்கக் கலரு. கீழ ஆடறதுக்கு ஒரு குண்டு. மணிக்கொருக்கா பாட்டுப் பாடிப்போட்டு டிங் டாங்குன்னு அடிக்கும். கண்ணாடிக்கு நட்டநடுவுல செவப்பு எழுத்துல, அன்பளிப்பு சி. சென்னியப்பன் மற்றும் குடும்பத்தார், கொப்பரை வியாபாரம், செங்காட்டுப்பிரிவு. அதோட உட்டானா? செல் நெம்பரு. பத்து நெம்பரும்.

அன்னைக்கு விருந்துச் சோத்துல உக்காந்துட்டு எல்லார்த்துகிட்டயும் என்ன சொன்னான்? "இது எங்கக்கா ஊடு. எங்கக்கா ஊடு கட்டிருச்சு." உங்கக்காவா கட்டுனா? வண்டியில நின்னு நின்னு காலு ரெண்டும் நரம்பு சுருட்டிக் கெடக்குது எனக்கு. "மச்சான் ஊடு"ன்னு சொல்ல வாய் வரல அந்தத் தங்கத்துக்கு.

நா வாயத் தொறக்கறதுக்குள்ள நல்லாயி, அதான் எம்பொண்டாட்டி, ஆளக் கூப்புட்டு அந்தக் கடியாரத்த முன்னால ஆசாரத்துச் செவுத்துல மாட்டீட்டா. வாசல்ல இருந்து உள்ள வந்தா நேரா மூஞ்சிக்கு எதுக்க. மத்த கடியாரமெல்லாம் மேல அட்டாலிப் பரணுக்குப் போயிருச்சு. இது மட்டும் ஆணியில.

அதுக்கப்பறம் நா பட்டது எனக்குத்தான் தெரியும். வெடியால எந்திரிச்சு மணி பாத்தா சென்னியப்பன். சோத்துக்கு முன்னால சென்னியப்பன். சோறு உண்டு கை கழுவிட்டு வந்தா சென்னியப்பன். மாரியாத்தா கோயிலுக்கு வரி வசூல் பண்ண வந்த பசங்க, எம்பேரு தெரியாம நிமுந்து பாத்துட்டு, ரசீதுல சென்னியப்பன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டானுங்க. குழாய் மாட்ட வந்தவன் அந்த நெம்பரப் பாத்து எழுதிட்டுப் போயி கொப்பரை வெலை கேட்டிருக்கறான். மறுவாரம் வந்து எனக்கு நன்றி சொல்றான், நல்ல ஆளக் காட்டி உட்டீங்கன்னு. நா ஆரு, அவனுக்குப் போர்டு மாட்டி வெச்சிருக்கறனா?

எறக்கிப் போடலாமுன்னு சொன்னேன். "இருக்கட்டுமுங்க, நல்லாத்தான ஓடுது"ன்னா. எதுலயும் என்னை எதுத்துப் பேசாதவளுங்க அவ. சேலை எடுத்தாலும் நா எடுக்கற கலருதான். எதும் வேணும்னு வாய் தொறந்து கேட்டதே கெடையாது. அவ இது ஒண்ணுக்கு மட்டும் இருக்கட்டும், இருக்கட்டும்னு நின்னா. அப்ப ஆரு சொல்லிக் குடுத்திருப்பாங்க? அவந்தான். வேற ஆரு.

அவ மணி பாக்கறதப் பாக்கோணும் நீங்க. ஒலைய வெச்சுப்போட்டு ஆசாரத்துக்கு வருவா. நிப்பா. மேல பாப்பா. மணி பாக்க எவ்வளவு நேரமுங்க ஆகும்? இவ பாத்துட்டே நிப்பா. "மணி என்னாச்சு?"ன்னு நா கேட்டாத் தெரியாது, மறுக்கா நிமுந்து பாத்துத்தான் சொல்லுவா. இத்தனை வருசமா கண்டக்டரு பொண்டாட்டியா இருந்து என்ன பிரயோசனம், மணி பாக்கத் தெரியல.

இதுல உங்க ஊருல ஒரு பேச்சு ஓடுதாம், நா அவளப் பொறந்த ஊட்டுக்கே உடறதில்லைன்னு. எவன் சொன்னான்? நோம்பி நொடிக்கு நானே வண்டி ஏத்தி உட்டிருக்கறேன். வெடியால வண்டிக்குப் போனா பொழுதோட வண்டிக்குத் திரும்பிரோணும், அவ்வளவுதான். ராத்தங்கல் கெடையாது. எதுக்குத் தங்கோணும்? அவளுக்குன்னு ஊடில்லியா? அதும் தனியா உட்டனா? அந்தந்த வண்டிக் கண்டக்டருகிட்டச் சொல்லி வெச்சிருவேன், எங்கூட்டுக்காரி ஏறுனாளா, எங்க எறங்குனான்னு. அத்தனை பத்திரமாப் பாத்துக்கிட்டவனுங்க நா.

சரி, கடியாரத்துக்கு வர்றேன். ஒருநாள் செல்லப் பாத்துட்டிருந்தேன். அதுல ஒரு பையன் ஊட்டுலயே செவுத்துக் கடியாரம் செஞ்சு காட்டறான். மெஷினு கடையில கெடைக்குது, உள்ளங்கை அகலம்தான். முள்ளு தனியாக் கெடைக்குது. ஒரு வட்டத்த எடுத்துக்கோ, நடுவுல ஓட்டை போடு, மெஷினப் பொறகால வெச்சு முன்னால நட்டு முறுக்கு, முள்ளச் சொருகு, ஒரு பேட்டரி போடு. முடிஞ்சுது. பாத்ததும் எனக்கு உள்ளுக்குள்ள சில்லுன்னு ஆயிருச்சுங்க. அட, எவன் பேரும் இல்லாத ஒரு கடியாரம். எவன் குடுத்ததும் இல்ல. எங்கூட்டுச் செவுத்துல என் மணி. இதுல எவன் என்ன சொல்ல முடியும்?

மெஷினும் முள்ளும் பஸ் ஸ்டேண்டுல வாட்சு ரிப்பேருக்காரன்கிட்ட வாங்கீட்டேன். வட்டத்துக்குத்தான் அலைஞ்சேன். அட்டையில செஞ்சா அசிங்கமா இருக்கும். பலகை வாங்குனா அதக் கடைக்காரன் அறுத்துக் குடுப்பான், அப்பறம் அது எங்க நா செஞ்சது? ஊட்டுலயே ஏதாவது சிக்கும்னு அட்டாலியில ஏறுனேன். மூலையில பழைய சேலைத் துணியச் சுத்தி ஒண்ணு இருந்துச்சு. பிரிச்சா மூங்கில் கூடை, மூடி போட்டது. உள்ள ஒண்ணுமில்ல, வெறுங்கூடை. வெறுங்கூடைய எவளாச்சும் துணி சுத்தி வெப்பாளா? பொம்பளைங்க புத்தி அவ்வளவுதான்னு நெனச்சேன். ஆனா மூடி இருந்துச்சு பாருங்க, அத்தனை நல்ல வட்டம். நெருக்கமா முடைஞ்சு, தட்டுனா கணீர்னு பேசுச்சு. கூடையத் துணிக்குள்ளயே சுத்தி வெச்சுப்போட்டு மூடிய மட்டும் எடுத்துக்கிட்டேன்.

மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பொறகால உக்காந்துதான் வேலை. அவளுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டா. மூடி மேல பூரா மஞ்சக்கறைங்க. நடுவுல நாலஞ்சு பட்டையா, வெரல் வெரலா அப்பிக் கெடந்துச்சு. ஓரத்துல குங்குமக்கறை வேற. ஈரத்துணி போட்டுத் தொடச்சேன், போகல. உப்புத்தாள் வாங்கியாந்து தேச்சேன் பாருங்க, தோள்பட்டை கழண்டு போச்சு. பேயாட்டம் புடிச்சிருந்துச்சு அந்த மஞ்சள். நா உடல. கடைசியில ஒரு புள்ளி இல்லாம வெள்ளை வெளேர்னு ஆக்கிப்போட்டேன்.

அப்பறம் நடுவுல ஓட்டை. வெல்டிங் பட்டறையில ட்ரில்லு வாங்கியாந்து போட்டேன். ஒரு சிம்பு பட்டுனு தெறிச்சுது, அதும் பசை போட்டு ஒட்டியாச்சு. நெம்பரு எழுதறதுல ஒரு எடஞ்சல். ஒண்ணுல ஆரம்பிச்சுக் கண்ணு மதிப்புல வரிசையா எழுதிட்டே வந்தா, பதினொண்ணோட மூடி முடிஞ்சு போச்சு, பன்னெண்டுக்கு எடமில்ல. அழிச்சுட்டு, மொதல்ல பன்னெண்டு, ஆறு, மூணு, ஒம்பதுன்னு நாலு மூலையப் புடிச்சு மறுக்கா எழுதுனேன். செவப்பு எனாமலு. பெரிய முள்ளு எட்டுகிட்டப் போனா மூங்கில் மேட்டுல தட்டும். அத இப்படி நோவாம மேல வளைச்சு உட்டேன். ஓடுச்சு பாருங்க. நா செஞ்ச கடியாரம், எம்மடியில டிக்கு டிக்குன்னு ஓடுச்சு. அன்னைக்கு நா சந்தோசப்பட்ட மாதிரி ஊடு கட்டுனப்பக்கூடச் சந்தோசப்படல. அத நா ஏன் மறைக்கோணும்?

ஆடிப்பெருக்கன்னைக்கு நல்லாயி பக்கத்தூட்டுக்காரிங்களோட ஆத்துக்குப் போயிருந்தா. அந்த நேரத்துல சென்னியப்பன எறக்கி அட்டாலியில போட்டுட்டு, அதே ஆணியில இத மாட்டுனேன். மாட்டிப்போட்டு எதுக்கால நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன். வரட்டும், பாக்கட்டும், ஒரு வார்த்தை சொல்லட்டுமேன்னு.

வந்தா. தேங்காப்பழத் தட்டு கையில. நிமுந்து பாத்தா. நின்னா. வழக்கமா நிக்கறத உட நேரமா நின்னா. அப்பறம் கேட்டா, "அந்த மஞ்சளையெல்லாம் நீங்களா தேச்சீங்க?"

"பின்ன? உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். கிட்டத்துல வந்து பாரு, ஒரு புள்ளி இருக்குதா"ன்னேன்.

"நடுவுல ஓட்டை?"

"ஓட்டை போடாம எப்படி? மெஷினோட கம்பி அதுலதான வரோணும், அதுலதான முள்ளு நிக்கும்"னு, பொறுமையா, ஒவ்வொண்ணா வெளக்கிச் சொன்னனுங்க. கத்தக்கூட இல்ல. எல்லாத்தையும் கேட்டா. "சரிங்க"ன்னா. உள்ள போயிட்டா. சோறாக்குனா, போட்டா. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை? கெடையாது.

மறுநாள் வெடியால அந்த முட்டி வலியோட ஏணி ஏறிக் கூடைய எறக்கி, இடுப்புல இடுக்கிட்டு, வாசல்ல நிக்கறா. மூடியில்லாத வெறுங்கூடை. "தம்பி ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன்"ன்னா. போயிட்டு வர்றேன்னுதான சொன்னா? நாலு பேரு பாக்க மூடியில்லாத கூடையோட வண்டி ஏறுனா. பொழுதோட வண்டிக்கு நா ஸ்டாப்புல போயி நின்னேன். சும்மாத்தான், காத்து வாங்கறதுக்கு. வரல. கண்டக்டரு சொன்னான், உங்கம்மிணி வெடியால செங்காட்டுப்பிரிவுல எறங்குச்சு, திரும்ப ஏறலைன்னு. மறுநாளும் போயி நின்னேன்.

கெரகம், எம்பையன் பெங்களூர்ல இருக்கறான், அவன் போன்ல சொல்லித்தான் எனக்கு வெவரமே தெரியும். "அப்பா, அது சும்மாக் கூடை இல்லப்பா. மாமா கண்ணாலத்துல இணைச்சீருக்கு அம்மா தலையில வெச்சிருந்த கூடை"ங்கறான். இணைச்சீருதான், உங்களுக்குத் தெரியாததா. மாப்பளைக்குக் கூடப்பொறந்தவ கூறைச்சேலைக் கூடையத் தலையில வெச்சுட்டு, அவம்பக்கத்துல சோடி சேந்து நிப்பாளே. எத்தனை ஒறவு வந்தாலும் நீயும் நானும் கூடப்பொறந்தவங்கன்னு ஊருக்கு முன்னால நிக்கறது. அந்தக் கூடையாம். அதுல இருந்தது அவ கையாம். மஞ்சள் ஈரத்தோட மூடியப் புடிச்சதுல அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்துச்சாம். தம்பி நெத்திக் குங்குமம் ஓரத்துல பட்டிருந்துச்சாம். கறைன்னு நெனச்சுட்டனுங்க நா.

நீங்களே நாயத்தச் சொல்லுங்க. எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கண்ணாலத்துக்கு நா உள்ளயே போகலியே. போனேன், மண்டப வாசல் வரைக்கும் போனேன். பன்னீர் தெளிக்கறவன் எனக்கு முன்னால நின்னவனுக்குத் தெளிச்சுப்போட்டு, என் மொறை வர்றப்பச் சொம்பு காலியாயிருச்சுன்னு உள்ள போயிட்டான். திரும்பி வரவேயில்ல. ஊட்டு மாப்பளைங்க நா. அங்கயே நிக்கச் சொல்றீங்களா? நேரா எதுத்தாப்பல டீக்கடைக்குப் போயி உக்காந்துட்டேன். சென்னியப்பனே வந்தான், மாப்பளைக் கோலத்துல, மாலையும் கழுத்துமா. "மச்சான், நீங்க வந்தாத்தான் இணைச்சீரே நடக்கும், அக்கா கூடையோட நின்னுட்டிருக்குது"ன்னு கையப் புடிச்சான். நா பேப்பர் படிச்சிட்டிருந்தேன். படிச்சிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டான். அந்த ரோசம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் எறங்கல. அதுக்கப்பறம் அவனூட்டு வாசப்படி நா மிதிச்சதில்ல. அவன் புதுசா ஊடு கட்டுனப்பவும் அவள மட்டும் அனுப்பிச்சு உட்டேன். வெடியால வண்டிக்குப் போயிட்டுப் பொழுதோட வண்டிக்கு வந்துட்டா.

கூடை இன்னதுன்னு அவ எங்கிட்டச் சொல்லிருக்கோணுமா இல்லீங்களா? இத்தனை வருசம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கறவன்கிட்ட மறைச்சு வெச்சது ஆரு தப்பு? சொல்லிருந்தாத் தேச்சிருப்பனா? தேச்சிருப்பனோ என்னமோ. அது வேற. சொல்லிருக்கோணும்.

இப்ப ஊட்டுல நா ஒருத்தன். என்ற கடியாரம் மழைக்கு ஊறிப் போயி பெரிய முள்ளு எட்டுகிட்ட வந்து வந்து நின்னுக்கிச்சு, நாந்தான் எந்திரிச்சு எந்திரிச்சுத் தள்ளி உட்டேன். அட்டாலியில இருக்கறது மட்டும் நிக்கல. எறக்குனப்பப் பேட்டரியக் கழட்ட மறந்துட்டேன். மேல இருந்து மணிக்கொருக்கா பாட்டுப் பாடி அடிக்குது. அது அடிக்கறத வெச்சுத்தான் நா சோத்துக்கு உக்காரறேன். பேட்டரியப் புடுங்கிப் போட்டா ஆச்சு, ஏணி ஏறோணும், இப்ப எனக்கும் முட்டி வலி.

போன வாரம் பையன் மறுக்காப் பேசுனான். "அப்பா, அம்மா அந்த மூடியக் கொண்டாந்து குடுக்கச் சொல்லுது. கூடையோட இருக்கோணுமாம். வேற ஒண்ணும் வேண்டாமாம்." மூடி வந்துருச்சுன்னா வந்துருவாளான்னு கேட்டேன். "அது சொல்லலப்பா"ன்னான். நீ கேட்டியாடான்னேன். கேட்டேன், சொல்லலைன்னான். பாத்துக்குங்க. வருவா வரமாட்டான்னு ஒரு வார்த்தை இல்ல, மூடி மட்டும் வேணுமாம். நா செஞ்ச கடியாரத்த நானே பிரிச்சு, அவன் ஊட்டுக்குக் கொண்டு போயிக் குடுக்கோணுமாம்.

அதனாலதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமுன்னு. நீங்க அந்த ஊருலதான எறங்கறீங்க. ஆளையும் தெரியும்கறீங்க. போற வழியில இந்தப் பைய அந்த ஊட்டுல குடுத்துருங்க. நா குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். பஸ்ஸுல கெடந்துச்சுன்னு சொல்லுங்க. இல்ல, அப்படிச் சொன்னா அதுக்கும் கோவிச்சுக்குவா. ஒண்ணும் சொல்லாமக் குடுத்துட்டு, அவ மொகத்த மட்டும் பாத்துட்டு வந்துருங்க. அவ்வளவுதான். ஏனுங்க, அதுக்கு ஏன் இப்படிப் பாக்கறீங்க?

இந்தா, நீ உன்ற சோலியப் பாருப்பா. சீட்டப் போட்டயா, விசில ஊதுனயான்னு இரு. என்ன நேத்து? நேத்துச் செங்காட்டுப்பிரிவுல எறங்காமச் சத்தி வரைக்கும் போனேன், எனக்குச் சத்தியில வேலை இருந்துச்சு. முந்தாநேத்தும் வேலை இருந்துச்சு. அவன் சொல்றதக் கேக்காதீங்க தம்பி. தெனமும் ஒருத்தர்கிட்டப் பையக் குடுத்துப் பாக்கறேன்னு சொல்றானே, குடுத்தா என்ன? ஒருத்தனும் வாங்கல. நீங்களே போங்க, நீங்களே போங்கன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, பேசி வெச்ச மாதிரி.

நீங்களும் அதேதானா. சரி. வாங்க வேண்டாம். பாக்கவாச்சும் பாருங்க. இந்தாங்க. மெஷினும் முள்ளும் என் சட்டை ஜோப்புல இருக்குது, நாலு நாளைக்கு முன்னாலயே கழட்டிட்டேன். நெம்பரத் தின்னர் போட்டு அழிச்சேன். அஞ்சும் எட்டும் மங்கலாத் தெரியுது, அது போக மாட்டேங்குது. ஓட்டையில மூங்கில் சிம்பு சொருகிப் பாத்தேன், நிக்கல. மஞ்சள், அதுக்குத்தான் இந்தக் கையி. வெரலி மஞ்சள் வாங்கியாந்து, கல்லுல ஒரசி, கொழைச்சு, பழையபடி வெரல் பதியற மாதிரி கைய வெச்சு அமுத்துனேன். பழைய மஞ்சள் மாதிரி வரலீங்க. பளபளன்னு இருக்குது, எவன் பாத்தாலும் நேத்துப் பூசுனதுன்னு சொல்லிருவான். அப்பறம் அவ கை சின்னக் கை. எனக்கு இருக்கறது பாருங்க, மொறம். மூடி முழுக்க நானே அடைச்சுட்டேன்.

என்ன, வந்துருச்சா? ஏப்பா, ஹோல்டான் சொல்லு, ஆளு எறங்கோணும். ரெண்டாளு. ஆமா, ரெண்டாளுதான், இதுல என்ன உனக்குச் சிரிப்பு?

சித்த இருங்க தம்பி, பையப் புடிச்சுட்டு எறங்கறேன். நீங்க முன்னால நடங்க, நா பொறகால வர்றேன். அந்த ஊட்டு வாசல் வரைக்கும் காட்டிட்டுப் போயிருங்க. சென்னியப்பன் செல் நெம்பரு பத்தும் எனக்கு மனப்பாடமாத் தெரியுமுங்க, வருசக்கணக்கா எதுக்கால உக்காந்து பாத்தனல்ல. ஊடுதான் எங்கன்னு தெரியாது.